கேளிரா, கேளீரா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் சங்கப் பாடல்களின் சொற்பொருளையும் இலக்கணக் குறிப்பையும் பிழையில்லாமல் ஒப்பிக்கிறாள். பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள். எப்படிப் படிக்கச் சொல்வது?

பதில்: சொற்பொருள், இலக்கணம், மையக்கருத்து மூன்றையும் தனித்தனி மதிப்பெண்களாகப் பார்க்கப் பழகியதால் வரும் சிக்கல் இது. குறுந்தொகையின் 40ஆம் பாடலை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். ஐந்தே அடிகள்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

யாய் என் தாய், ஞாய் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. இவற்றை அகராதி தந்துவிடும். 'கேளிர்' என்ற சொல்லில் மட்டும் நில்லுங்கள். அது பெயர்ச்சொல், உறவினர் என்று பொருள். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்பதிலும் அதே சொல்தான். அதைக் 'கேளீர்' என்று நீட்டிச் சொல்லும் மேடைகளை எத்தனையோ கண்டிருக்கிறேன். ஒரு குறில் நெடிலானதும் பெயர் வினையாகிறது. 'எல்லோரும் உறவினர்' என்ற பெரிய எண்ணம் 'எல்லோரும் கேளுங்கள்' என்ற அறிவிப்பாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு இது உண்மையாகவே வலிக்கும்.

அடுத்து, கடைசி அடி. 'நெஞ்சம்' என்ற சொல்லில் ஒருமையா பன்மையா என்பது தெரியாது. 'தாம்', 'கலந்தன' இரண்டும் பன்மை. ஆகவே நெஞ்சங்கள் இரண்டு என்பதை வினைமுற்றின் விகுதிதான் நமக்குச் சொல்கிறது. 'கலந்தன' என்பதற்குப் 'பலவின்பால் வினைமுற்று' என்று எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளை, அந்த விகுதிக்குள் ஒரு காதலே இருப்பதைப் பார்க்காமல் போகிறாள்.

'பெயனீர்' என்பது பெயல் + நீர், அதாவது மழைநீர். செம்மண்ணில் விழுந்ததும் அதன் நிறம் மண்ணின் நிறமாகிவிடுகிறது. இதைச் சொன்னவர் பெயர் தெரியாததால் அந்தத் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்கிறோம்.

மையக்கருத்தைத் தேடும்போது, யார் யாரிடம் எதற்காகச் சொல்கிறார் என்று அவளையே முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு பாட்டின் கூற்றுக் குறிப்பைக் காட்டுங்கள். தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் கூறியது இது. 'காதல்' என்று ஒற்றைச் சொல்லில் விடை எழுதியிருந்தால், அந்த அச்சத்தைப் படித்தபின் செம்மண் உவமையை அவள் இன்னொரு முறை வாசிக்கட்டும்.