அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாங்கிய நிலத்துக்குக் காட்டு வான்கோழிகள் வருகின்றன. மக்காச்சோளம் போடலாமா, இல்லை அவற்றுக்கென்று ஏதாவது விதைக்கலாமா?

மக்காச்சோளம் வேண்டாம். தாராளமாக விதையுங்கள்.

கடைகளில் மானுக்கென்று மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் விற்பார்கள். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அந்த நச்சை உலகம் கண்டுபிடித்ததே வான்கோழிகள் செத்ததால்தான். 1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. காரணம் தேடிப்போனால், தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு! மழையில் நனைந்து தரையில் கிடக்கும் சோளத்திலும் இதே ஆபத்து உண்டு.

அப்புறம் ரக்கூன், முட்டை திருடும் காட்டு விலங்கு. சோளம் கொட்டிய இடத்துக்கு இரவில் அது வராமல் இருக்காது. வந்தால் சும்மாவும் போகாது. பக்கத்துப் புதரில் பெட்டை அடைகாக்கும் முட்டைகளையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும்.

சட்டமும் இருக்கிறது. இரை போட்ட இடத்தில் வான்கோழி வேட்டை மிசௌரியில் குற்றம். சோளத்தைச் சுத்தமாக வாரி எடுத்த பிறகும் 10 நாள் வரை அது இரை போட்ட இடம் என்றுதான் கணக்கு. மான்களிடையே பரவும் நோயைக் காரணம் காட்டித் தீவனம் வைப்பதற்கே கட்டுப்பாடுகள் இருக்கலாம். மாநில வனவிலங்குத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பனிக்காலத்தில் பாவம், பட்டினி கிடக்குமே என்று வீட்டில் கேட்பார்கள். நல்ல உடம்புள்ள வான்கோழி ஒரு வாரம்கூட மரத்திலேயே உட்கார்ந்து பட்டினியைத் தாங்கிவிடும். காட்டில் ஓக் கொட்டை இருந்தால் கவலையே இல்லை. காட்டில் தானே பிழைக்கத் தெரிந்த பறவை இது. 1950களில் மிசௌரியில் இவை அருகிப்போயிருந்தன. பெக் ராஞ்ச் பகுதியில் காட்டுப் பறவைகளைப் பிடித்துப் பிற இடங்களில் கொண்டுபோய் விட்டுத்தான் பெருக்கினார்கள். பண்ணையில் வளர்த்து விட்டவை தாக்குப்பிடிக்கவில்லை.

நீங்கள் நினைக்க வேண்டியது குஞ்சுகளைத்தான். முதல் சில வாரங்கள் அவற்றின் சாப்பாடு பெரும்பாலும் பூச்சிதான்: வெட்டுக்கிளி, வண்டு, புழு. அதனால் பூச்சி விளையும் இடம் வேண்டும். ஜூன் மாதம் உங்கள் நிலத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள் (உண்ணி மருந்து பூசிக்கொண்டு!). செடிகளின் அடியில் மண் தெரிந்து, தலைக்கு மேல் இலை மூடியிருந்தால் குஞ்சு ஓடியாடி மேயும், பருந்துக்கும் தெரியாது. இங்கே மேய்ச்சலுக்குப் போடும் ஃபெஸ்க்யூ புல் பாய் போலப் படர்ந்துவிடும். குஞ்சு அதில் நுழையவே முடியாது. அதை ஒழிப்பதுதான் பாதி வேலை.

அந்த இடத்தில் லடினோ குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடியைப் போடுங்கள். முதலில் மண் பரிசோதனை. புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு வேண்டும். விதையில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலக்க வேண்டும், ஊரில் உளுந்துக்குச் செய்கிற மாதிரிதான். பழைய புல் ஒழிந்து மண் தெரிந்தால், பிப்ரவரியில் உழாமலே விதையைத் தூவிவிடலாம். இரவில் உறைந்து பகலில் இளகுகிற மண் விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த விவசாய முறை இது, முதுகு வலிக்காது.

ஓரங்களில் முளைக்கும் களையை விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை முடியும்வரை புல்வெட்டும் இயந்திரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பெட்டை தரையில்தான் கூடு வைக்கும், அடைகாக்கவே 28 நாள் ஆகும். பச்சைக் கோழி எருவும் போடாதீர்கள். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத கருந்தலை நோய், வான்கோழியைக் கொன்றுவிடும்.

மணற்பாங்கான நிலம் என்றால் சூஃபா போட்டுப் பார்க்கலாம். நம் வயலில் பிடுங்கிப் பிடுங்கி ஓய்ந்துபோன கோரைக்கு இது நெருங்கிய சொந்தம். கோரைக்குக் காசு கொடுத்து விதை வாங்குகிறான் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். மே மாதம் போட்டால் செப்டம்பரில் கிழங்கு பிடித்துவிடும். அதை முன்பின் பார்த்திராத வான்கோழிகளுக்கு அடியில் கிழங்கு இருப்பது தெரியாது. நாலைந்து செடியைப் பிடுங்கிக் கிழங்கு தெரியும்படி கவிழ்த்துப் போடுங்கள். ஒன்று கண்டுபிடித்துக் கிளற ஆரம்பித்தால், மீதிக் கூட்டம் தானே பார்த்துக்கொள்ளும்.