ஒரு கணினி, இரண்டு இயங்குதளங்கள்: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு நிறுத்தப்பட்டதிலிருந்து, பழைய கணினியில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தையும் சேர்த்து நிறுவிக்கொள்வது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2016இல் வாங்கிய மேசைக் கணினியை வைத்திருக்கிறேன். அதில் ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை உள்ளன. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்றும், புதிய கணினி வாங்கிவிடுங்கள் என்றும் கடையில் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் குறிப்புகளும் பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. விண்டோஸை அழிக்காமல் லினக்ஸையும் நிறுவ முடியுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தாராளமாக முடியும். கணினியை எடைக்குப் போட வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது என்பதற்கு, அன்றோடு கணினி ஓடாது என்று பொருளல்ல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு இனி வழக்கமான இலவசத் திருத்தங்கள் வாரா என்பதே அதன் பொருள். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை என்பதால், கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அவருடைய வியாபாரம்.

தங்களுக்கு நான் பரிந்துரைப்பது வேலைப் பிரிவினை. பழைய மென்பொருளையும் பழைய கோப்புகளையும் விண்டோஸில், இணைய இணைப்பைத் துண்டித்த நிலையில் பயன்படுத்துங்கள். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், ஓய்வூதியம் தொடர்பான இணைய வேலைகள் யாவற்றையும் லினக்ஸில் செய்யுங்கள். இந்த ஏற்பாடு நமக்கு ஒன்றும் புதிதல்ல. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோதே, அவற்றில் விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கணினியைத் தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் அந்த இன்னொரு வரி எதற்கு என்றுதான் பலரும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

இனி, லினக்ஸை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். ஒரே ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து நிறுவுவதே பரவலான வழக்கம். ஆனால் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஓடிய, தங்கள் உழைப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் ஒரு டிஸ்க்கின் மேல் கத்தி வைக்க நான் துணிய மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை நாள் ஒன்றில், என் வீட்டுக் கணினியில் ஒரு பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பிரிவை) இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். திரையில் 68 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று, யு.பி.எஸ். பேட்டரியோ அதற்கு முன்பே செத்திருந்தது. பார்ட்டிஷனை நகர்த்தும்போது அதிலுள்ள தரவு முழுவதும் புதிய இடத்துக்கு நகலெடுக்கப்படுகிறது. வேலை நடுவில் நின்றால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகக் கிடக்கும். நான்கு ஆண்டு நிழற்படங்களில் எனக்குத் திரும்பக் கிடைத்தவை, தற்செயலாக ஒரு பென் டிரைவில் இருந்தவை மட்டுமே. தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த இந்தக் கரையில் மின்சாரத்தை நம்பி இவ்வகை வேலையில் இறங்கக் கூடாது.

எனவே 240 அல்லது 256 ஜிபி கொள்ளளவுள்ள சாட்டா வகை எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸை நிறுவுங்கள். கணினியை அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பழைய ஹார்டு டிஸ்க்கின் தரவுக் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். புதிய எஸ்.எஸ்.டி.யை மட்டும் இணைத்துப் பென் டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவி முடித்த பிறகு, பழைய கேபிளைத் திரும்பச் செருகுங்கள். கேபிளைப் பிடுங்குவது வீண் எச்சரிக்கையல்ல. இரண்டு டிஸ்க்குகளும் இணைந்திருந்தால், லினக்ஸ் நிறுவிகளுள் சில, தொடக்கக் கோப்புகளை மட்டும் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிடும். பிறகு அந்தப் பழைய டிஸ்க் கெட்டுப்போகும் நாளில் இரண்டு இயங்குதளங்களுமே தொடங்காது. இந்த முறையில் எந்த இயங்குதளம் வேண்டும் என்பதை, கணினி தொடங்கும்போது எஃப் 12, எஃப் 11 அல்லது எஃப் 8 விசையை அழுத்தித் தெரிவு செய்யலாம். மதர்போர்டைப் பொறுத்து விசை மாறும்.

ஒரே டிஸ்க்கில்தான் வைக்க வேண்டும் என்றால், முதலில் கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் பயாஸ் முறை, அதாவது கணினி தொடங்கும் முறை, 'லெகசி' (பழையது) என்றிருக்கிறதா, 'யு.இ.எஃப்.ஐ.' (புதியது) என்றிருக்கிறதா என்று பார்த்து, லினக்ஸையும் அதே முறையில் நிறுவ வேண்டும்; முறை மாறினால் ஒன்று மற்றொன்றைத் தொடக்கப் பட்டியலில் காட்டாது. லெகசி முறையில் பயன்படும் எம்.பி.ஆர். என்னும் பார்ட்டிஷன் அட்டவணையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் இடமில்லை என்பதால், ஏற்கெனவே நான்கு இருந்தால் அந்த வேலையில் இறங்காதீர்கள். விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலமே செய்து, ஏறத்தாழ 50 ஜிபி இடத்தை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற தெரிவின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

4 ஜிபி ரேமுக்கு லினக்ஸ் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு ஏற்றது. அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. எதையும் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து அதை ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், ஒலி, பிரிண்டர், இணையம் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று ஒருநாள் நிதானமாகச் சோதித்த பின் முடிவெடுங்கள்.

பழைய எழுத்துருக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பு யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த ஏற்பாடு அது. அதே எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவிவிட்டால் லிப்ரே ஆபிஸ் என்னும் ஆவண மென்பொருளில் வினாத்தாள் தமிழிலேயே தெரியும். நிறுவாவிட்டால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றும். அப்படித் தோன்றினால் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி. ஆய்வக வகுப்புக்கு லினக்ஸ் தேவை. நண்பர்கள் இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே நிறுவி டூயல் பூட் செய்யச் சொல்கிறார்கள். அப்பா, வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை, கைவைக்காதே என்கிறார்.
– மாணவி, வில்லியனூர்

பதில்: இந்த விஷயத்தில் உங்கள் அப்பாவின் பக்கம்தான் நான் நிற்பேன். நிரல் எழுதவும் கட்டளைகளைப் பழகவும் மட்டும் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் 'டபிள்யு.எஸ்.எல்.' வசதி போதும். அது ஒரே கட்டளையில் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை நிறுவிவிடும். வேண்டாம் என்றால் சுவடின்றி நீக்கியும் விடலாம். லினக்ஸின் முழுத் திரையும் வேண்டும், இயங்குதளத்தின் உட்பகுதியைக் கலைத்துப் பார்க்க வேண்டும் என்றால் விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற மென்பொருளில் மெய்நிகர்க் கணினி (கணினிக்குள் இயங்கும் கணினி) ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதற்கு 3 ஜிபி ரேம் கொடுங்கள். அதற்குமேல் கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத் திணறும். மிகவும் மெதுவாக ஓடினால், பயாஸ் அமைப்பில் 'விர்ச்சுவலைசேஷன்' முடக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதையாவது கெடுக்கும் முன் 'ஸ்னாப்ஷாட்' எடுத்துவைத்தால், கெடுத்த பின் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். டூயல் பூட்டில் இந்தச் சலுகை கிடையாது.

கிராபிக்ஸ் கார்டின் முழு வேகமும் தேவைப்படும் வேலை பின்னாளில் வந்தால் டூயல் பூட்டை யோசிக்கலாம். அப்போது ஒன்றை மறக்காதீர்கள். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்ட நிலையிலேயே வருகிறது. பயாஸிலோ பார்ட்டிஷனிலோ மாற்றம் செய்த பிறகு, 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்று நீலத் திரை கேட்கக்கூடும். அந்தச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து, மாற்றம் செய்யும் முன்பே தாளில் எழுதிவையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்துவைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

கேள்வி: பிரான்சிலிருந்து வந்த என் பெரியப்பா தம் பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்தார். விண்டோஸுடன் உபுண்டுவையும் நிறுவினேன். நானே வைத்த கடவுச்சொல்லை உபுண்டு ஏற்க மறுக்கிறது. விண்டோஸில் எந்தச் சிக்கலும் இல்லை.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கடவுச்சொல்லில் தவறிருக்காது, விசைப்பலகையில் இருக்கும். பெரியப்பாவின் கணினியில் இருப்பது பிரெஞ்சு நாட்டு 'அஸெர்டி' விசைப்பலகை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 'குவெர்ட்டி' பலகையில் கியூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். டபிள்யு இருக்கும் இடத்தில் இசட். அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் எம். எண்களை அடிப்பதற்கு ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிரெஞ்சு அமைப்பில் கடவுச்சொல்லை உருவாக்கிவிட்டு, அமெரிக்க (குவெர்ட்டி) அமைப்பில் இருக்கும் நுழைவுத் திரையில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்தீர்களானால், கணினிக்குப் போய்ச் சேர்வது கியூ, அரைப்புள்ளி, அரைப்புள்ளி, கியூ. புள்ளிகளாக மறைந்து தெரிவதால் தவறு கண்ணில் படுவதில்லை.

நுழைவுத் திரையின் மேல் மூலையில் மொழியைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருந்தால், அவற்றைச் சொடுக்கிப் பிரெஞ்சைத் தெரிவு செய்யுங்கள். அவை இல்லையென்றால், கடவுச்சொல் பெட்டியின் ஓரத்திலுள்ள கண் சின்னத்தை அழுத்தி, என்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டே அடியுங்கள். உள்ளே நுழைந்ததும் அமைப்புகளில் பிரெஞ்சு விசைப்பலகையை முதலிடத்தில் வையுங்கள்.

கேள்வி: லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் தவறாகக் காட்டுகிறது. மதர்போர்டு பேட்டரியை மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்குமே? காலை பத்து மணிக்கு நான்கரை என்று காட்டும். மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் கொள்கிறது. உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் கொள்கிறது. நம் நாட்டு நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளியே அந்த ஐந்தரை மணி. கட்டளைகளை அடிக்கும் லினக்ஸ் முனையத்தில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையுடன் 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்பதைச் சேர்த்துக் (timedatectl set-local-rtc 1) கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். பேட்டரி வீண் செலவு.

கேள்வி: முந்திரி மண்டிக் கணக்கை டி டிரைவில் வைத்திருக்கிறேன். லினக்ஸிலிருந்து அந்தக் கோப்பைத் திறக்க முடிகிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை. சில நாள்களில் மட்டும் சேமிக்க முடிகிறது.
– வாசகர், பண்ருட்டி, கடலூர் மாவட்டம்

பதில்: 'சில நாள்களில் மட்டும்' என்று எழுதினீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு. அது இயங்கும்போது, நீங்கள் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை விரைவாக எழுவதற்காகத் தன் உட்கருவின் (மையப் பகுதியின்) நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுப் பாதி உறக்கத்தில் கிடக்கிறது. அந்த டிரைவ்கள் இன்னும் தன் பொறுப்பில் இருப்பதாகவும் அது குறித்துவைத்திருக்கும். அதைக் கண்ட லினக்ஸ், படிக்க மட்டும் அனுமதி தந்து, எழுத மறுக்கிறது. விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்கு வந்த நாள்களில் உங்களால் சேமிக்க முடிந்திருக்கும். ஏனெனில் ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்கிறது.

கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். லினக்ஸைக் கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் வழிகளும் உண்டு. ஆனால் விண்டோஸ் விழித்தெழுந்து தன் பழைய நினைவை டிஸ்க்கின் மேல் எழுதும்போது உங்கள் கணக்கு சிதையக்கூடும் என்பதால் அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

கேள்வி: லினக்ஸ் எங்களுக்குப் பிடிக்கவில்லை. எடுத்துவிடலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: எடுக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். லினக்ஸ் பார்ட்டிஷனை முதலில் அழித்துவிட்டால், தொடக்கப் பட்டியலைக் காட்டும் 'க்ரப்' தன் கோப்புகளைத் தேடித் தோற்று, கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று எழுதிவிட்டு நின்றுவிடும். யு.இ.எஃப்.ஐ. கணினியாக இருந்தால், முதலில் பயாஸ் அமைப்புக்குள் சென்று 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று முறை கணினியை அணைத்து இயக்கி, நேராக விண்டோஸ் தொடங்குகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் 'இ.எஃப்.ஐ.' என்று பெயரிட்ட ஏறத்தாழ 100 எம்பி அளவுள்ள சிறிய பார்ட்டிஷன் ஒன்றும் தெரியும். வெற்றிடம்போலத் தோன்றினாலும் அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் தொடங்குவதும் அதிலிருந்துதான்.