பழைய டிவி ஆன்டெனாவில் ஸ்கேனர் கேட்கலாமா? – கேள்வி பதில்

தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனாக்கள் பல மொட்டை மாடிகளில் இன்னும் சும்மா நிற்கின்றன. அவற்றை ரேடியோ ஸ்கேனருக்கு, அதாவது விமானம், கப்பல் போன்றவற்றின் அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோவுக்கு, பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு, ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் பெற்ற மூத்தவர் ஒருவரின் பதில்கள்.

தாம்பரம்: சார், பழைய ஆன்டெனாவை ஸ்கேனரில் மாட்டினேன். எஃப்.எம். பாட்டு அமர்க்களமாக வருகிறது. விமானப் பேச்சு மட்டும் துளிகூட இல்லை. ஏன்?

முதலில் ஸ்கேனரை ஏ.எம்.மில் வையுங்கள். விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏ.எம். முறையில்தான் போகிறது. பாதிப் பேர் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்தது, ஆன்டெனா படுத்திருக்கிறது. நம்மூர் டிவி அலை கிடைமட்டம். விமானம், கப்பல், வாக்கி டாக்கி எல்லாம் செங்குத்து. கணக்குப்படி இந்த முரண்பாட்டில் 20 டெசிபல் போகும், அதாவது சிக்னலில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஊருக்குள் கட்டடங்களில் பட்டுத் திரும்புவதால் இழப்பு கொஞ்சம் குறையலாம். கிளாம்பைத் தளர்த்தி, கம்பிகள் செங்குத்தாக நிற்கும்படி திருப்புங்கள். ஆனால் அப்போது இரும்புக் குழாயும் கம்பிகளுக்கு இணையாக நடுவில் வந்து கெடுக்கும். அதனால் கிளாம்பை ஆன்டெனாவின் பின்முனைக்கு மாற்றுங்கள், அல்லது மேலே ஒன்றரை மீட்டருக்கு பி.வி.சி. குழாய் போடுங்கள்.

நீளக் கம்பி இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் அது பேண்ட் 1 ஆன்டெனா, 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸுக்கானது. அதிலுள்ள மடக்கு டைபோல் (ஒயர் இணையும், வளைத்து மூடிய கம்பி) தன் அலைவரிசையின் இருமடங்கில் ஏறக்குறைய ஊமை. 64-இன் இருமடங்கு 128, விமான அலைவரிசையின் நடு! இதைத் திருப்பிப் பயனில்லை. பின்கம்பியைக் கழற்றி, 56 செ.மீ. துண்டுகள் இரண்டு வெட்டி, நடுவில் ஒயர் இணையும்படி ஒரே நேர்கோட்டில் வைத்து, சாதாரண டைபோல் கட்டிவிடுங்கள். 143-ஐ நீங்கள் கேட்க விரும்பும் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும்.

மதுரை: டிவி கேபிள் 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம். புது கேபிள் வாங்கணுமா?

வேண்டாம். இதில் இழப்பு 0.2 டெசிபல்கூட இல்லை, காதுக்கே தெரியாது. கடையில் தரும் மெல்லிய ஆர்.ஜி.58-ஐவிட உங்கள் டிவி கேபிளான ஆர்.ஜி.6 நல்லது. கனெக்டர் மட்டும் மாற்றினால் போதும். பழைய பட்டை ஒயர் இருந்தால் கழற்றி எறியுங்கள், வெயிலில் வெடித்திருக்கும். டைபோல் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். திருகுக்கடியில் செம்பு பச்சை பூத்திருந்தால், உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்த பிறகே புது ஒயரை முறுக்குங்கள்.

கோவை: பூஸ்டர் போட்டால் தூரம் கூடுமா?

நகரத்தில் தொல்லைதான் கூடும். பக்கத்து எஃப்.எம். நிலையங்கள் பூஸ்டரைத் திணறடித்து, விமான அலைவரிசையிலும் பாட்டாகக் கொட்டும். அந்தக் காசில் ஒரு எஃப்.எம். தடுப்பு ஃபில்டர் வாங்குங்கள்.

வேதாரண்யம்: அண்ணா, அப்பா இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்க்க நட்ட உயரமான குழாய் இன்னும் இருக்கு. கப்பல் பேச்சு கேட்குமா?

கொடுத்து வைத்தவர் நீங்கள். 1982-இல் ரூபவாஹினி தொடங்கியபோது அந்தக் கரையோரத்தில் எத்தனை குழாய்கள் முளைத்தன! கம்பிகள் முக்கால் மீட்டர் அளவில் இருந்தால் பேண்ட் 3 ஆன்டெனா, 174 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவது. கப்பல் அலைவரிசை 156 முதல் 162 வரை. கொஞ்சம் கீழே என்றாலும் சமாளிக்கும். செங்குத்தாக்கிக் கடல் பக்கம் திருப்புங்கள். கப்பல்கள் அழைக்கவும் ஆபத்தில் உதவி கேட்கவும் பயன்படும் 16-ஆம் சேனல் 156.8. காற்றில்லாத இரவுகளில் கடல்மேல் வெப்பக் காற்று அடுக்கு உருவாகி, அலைகளை வெகுதூரம் இழுத்து வரும், இலங்கையின் தூரத்து எஃப்.எம். நிலையங்கள் உங்களுக்குக் கேட்பதும் பெரும்பாலும் அப்படித்தான். ஏறுவதற்கு முன் குழாயைப் பிடித்து நிறுத்தும் இழுகம்பிகளைப் பாருங்கள், உப்புக் காற்று அரித்திருக்கும்.

சேலம்: இடி இடித்தால்?

குழாயைத் தடித்த செம்புக் கம்பியால் எர்த் செய்யுங்கள். மழை வருமுன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். மேஜைமேல் விட்டு வைக்காதீர்கள்.

திருச்சி: போலீஸ் வயர்லெஸ் கேட்கலாமா? சட்டம் என்ன?

கேட்காதீர்கள். வயர்லெஸ் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஹாம் தேர்வு எழுதுங்கள், ஒன்றும் கஷ்டமில்லை. பிறகு 144–146 மெகாஹெர்ட்ஸில் கேட்கவும் பேசவும் செய்யலாம். காதில் விழுந்த விமானப் பேச்சைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் பழக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

நெல்லை: விண்வெளி நிலையம் கேட்குமா?

145.8-இல், எஃப்.எம். முறையில். 49 செ.மீ. கைகள் கொண்ட டைபோல் போதும். தலைக்கு மேலே போகும்போது பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதிலும் அவர்கள் பேசினால்தான் உண்டு. நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.