கேள்வி பதில்: மால்ட்டிலிருந்து பீர்

கேள்வி: 5 கிலோ பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி) போட்டு 20 லிட்டர் எடுக்கிறேன். செய்முறைக் குறிப்பில் தொடக்க கிராவிட்டி (ஈஸ்ட் போடுமுன் சாற்றின் அடர்த்தி; வெறும் தண்ணீருக்கு 1.000) 1.054. எனக்கு எப்போதும் 1.041-தான் வருகிறது. மால்ட்டைக் கூட்டிப் போடலாமா?

பதில்: கூட்டிப் போட்டால் எண் ஏறும், கோளாறு அப்படியே இருக்கும். முதலில் கணக்கைப் பாருங்கள். 1.054 என்பதை 54 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பேல் மால்ட் தன் சர்க்கரை முழுவதையும் ஒரு லிட்டரில் இறக்கினால் சுமார் 300 புள்ளி வரும். 5 கிலோவுக்கு 1,500. அதை 20 லிட்டருக்குப் பிரித்தால் 75. உங்களுக்குக் கிடைப்பது 41, அதாவது 55 சதவீதம். வீட்டுப் பானையில் 70 முதல் 75 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம்.

மால்ட்டைக் குறை சொல்வதற்கு முன் அளவீட்டைச் சோதியுங்கள். கிராவிட்டியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டர்களில் பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 60 டிகிரி சூட்டில் இருக்கும் வோர்ட்டில் (ஈஸ்ட் போடாத மால்ட் சாறு) மிதக்கவிட்டால் ஏறக்குறைய 15 புள்ளி குறைத்துக் காட்டும். உங்கள் குறைவு 13 புள்ளி! அடுத்து, பானையில் இருப்பது நிஜமாகவே 20 லிட்டர்தானா? கொதி குறைந்து 23 லிட்டர் மிஞ்சியிருந்தால், அதே சர்க்கரை 20 லிட்டரில் 47 புள்ளி காட்டியிருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் அரவைதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். அரைத்த மால்ட்டில் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். உமி ஏறக்குறைய முழுசாக, உள்ளே காலியாக இருக்க வேண்டும். பருப்பு நாலைந்து துண்டாக உடைந்து, கூடவே கொஞ்சம் மாவும் இருக்க வேண்டும். உடையாத முழு மணி அங்கங்கே தென்பட்டால் அதற்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தண்ணீர் தொடவே இல்லை என்று அர்த்தம். அரவை இயந்திரத்தின் உருளை இடைவெளியை 1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். கடையிலேயே அரைத்து வாங்குகிறவர்கள் இந்தத் தாள் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். கடைக்காரர்கள் பலர் வடிகால் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து பெருவெட்டாகத்தான் அரைத்துக் கொடுக்கிறார்கள்.

மேஷில், அதாவது அரைத்த மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்கும் கலவையில், மாவுக் கட்டி உடைபட நன்றாகக் கிளறுவதும் முக்கியம். கட்டிக்குள் உலர்ந்த மாவு இருந்தால் அதுவும் வீண். தண்ணீர்க் கணக்கு உங்கள் அளவுக்கு இப்படி வரும்: பீருக்கு 20, சக்கை குடிப்பது 5, கொதியில் ஆவியாவது 3.5, அடிமண்டி 1.5, மொத்தம் 30 லிட்டர். மேஷுக்கு 15, சக்கையில் ஒட்டிய சர்க்கரையைக் கழுவ 15. கழுவும் தண்ணீரின் சூடு 77 டிகிரியைத் தாண்ட வேண்டாம், பி.எச். 6-க்கு மேல் போனால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

கேள்வி: பாதிக்கு மேல் கோதுமை மால்ட் சேர்த்தேன். வடிக்கும்போது குழாயில் சொட்டுக்கூட வரவில்லை.

பதில்: கோதுமைக்கு உமி கிடையாது. பார்லியின் உமிதான் வடிகட்டிப் படுகை. அது குறைந்தால் மாவு கூழாகி அடியில் அப்பிக்கொள்ளும். இப்போதைக்குக் குழாயை மூடி, கொதிநீர் கொஞ்சம் விட்டு மேஷின் சூட்டை 75 டிகிரி வரை ஏற்றி, அடிவரை கிளறி 10 நிமிடம் படிய விடுங்கள். பிறகு குழாயைக் கால்வாசி மட்டும் திறக்க வேண்டும். அவசரப்பட்டு முழுசாகத் திறந்தால் உறிஞ்சும் வேகத்தில் படுகை இறுகிவிடும். முதல் அடைப்புக்கும் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அடுத்த முறை 5 கிலோவுக்கு 250 கிராம் நெல் உமியைக் கழுவி, மேஷோடு கலந்துவிடுங்கள். அது சுவையைத் தொடாது.

கேள்வி: 1.054-இல் தொடங்கியது ஒரு வாரமாக 1.022-லேயே நிற்கிறது. இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடட்டுமா?

பதில்: பொறுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) பார்த்தீர்களானால் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஆல்கஹால் கலந்ததும் அது கூட்டிக் காட்டும். ஹைட்ரோமீட்டரும் அதையே சொன்னால் இரண்டில் ஒன்று: ஈஸ்ட் சோர்ந்துவிட்டது, அல்லது அது தின்னக்கூடிய சர்க்கரை தீர்ந்துவிட்டது. சுத்தமான பாட்டிலில் 200 மில்லி எடுத்து, ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, 25 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அவ்வப்போது குலுக்குங்கள். அதில் கிராவிட்டி இறங்கினால் பெரிய பாத்திரத்து ஈஸ்ட்தான் சோர்ந்திருக்கிறது. பாத்திரத்தை 21, 22 டிகிரிக்கு ஏற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டை மெல்லச் சுழற்றி எழுப்புங்கள்.

இறங்காவிட்டால் எத்தனை பாக்கெட் போட்டும் பயனில்லை. மேஷ் சூடு கூடிவிட்டது. ஈஸ்ட் தின்னும் சர்க்கரையான மால்ட்டோஸை நறுக்கித் தரும் பீட்டா அமைலேஸ் நொதிக்கு 62 முதல் 65 டிகிரி இதம். 68-க்கு மேல் அது வேகமாக அழிகிறது. மிஞ்சும் இன்னொரு நொதியான ஆல்ஃபா அமைலேஸ் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின்களை (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) பீர் ஈஸ்ட் தொடாது. தெர்மாமீட்டரை ஐஸ் கரைசலில் வைத்துப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். பாத்திரச் சுவரில் செருகிய டயல் அந்த ஓர் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். கிளறிவிட்டு நடுவில் அளக்க வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் மால்ட்டோடு கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 72 டிகிரித் தண்ணீர் சேர்த்தால் மேஷ் 66-இல் வந்து நிற்கும். குளிர்ந்த பாத்திரமானால் முதலில் சுடுநீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பீரில் ஆஸ்பத்திரி மருந்து வாடை வருகிறது. கிருமித் தொற்றா?

பதில்: காட்டு ஈஸ்ட்டாலும் வரும், ஆனால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். குளோரின் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்தால் இந்த வாடைதான்; மிக மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். சாதாரண குளோரின், தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போய்விடும். சில ஊர்களில் குழாய்த் தண்ணீரில் அதற்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமின் போகாது. 30 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையை (சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலக்குங்கள், இரண்டுக்கும் அது போதும். பிளீச் போட்டுக் கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எரிவாயு மிச்சமாகுமே, மூடி போட்டுக் கொதிக்கவைக்கலாமா?

பதில்: கொதி வரும்வரை மூடலாம். அதன் பிறகு கூடாது. வெந்த சோள வாடை தரும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடுதான் வெளியேற வேண்டும். பில்ஸ்னர் மால்ட் என்றால் 90 நிமிடம் திறந்து கொதிக்கட்டும்.

கேள்வி: ஒரே தொகுப்பில் சில பாட்டில் பொங்கி வழிகிறது, சிலவற்றில் நுரையே இல்லை.

பதில்: சர்க்கரை சமமாகக் கலக்கவில்லை. பாட்டில் பாட்டிலாகக் கரண்டியில் போடுவதை நிறுத்துங்கள். லிட்டருக்கு 6 கிராம் வீதம் 120 கிராம் சர்க்கரையை 200 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, காலிப் பாத்திரத்தின் அடியில் ஊற்றுங்கள். அதன் மேல் பீரைக் குழாய் வழியே சுழலும்படி இறக்கி, கடைசியில் ஒருமுறை மெதுவாகக் கலக்குங்கள். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடும் ஒன்றாக இல்லாதவரை பாட்டிலில் அடைக்கவே கூடாது. மிச்சச் சர்க்கரை உள்ளே புளித்தால் கண்ணாடி வெடிக்கும். ஏற்கெனவே பொங்குகிற தொகுப்பை உடனே குளிரவைத்து, கனத்த துணியால் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கேள்வி: ஈஸ்ட் போட்டுப் பத்து மணி நேரமாகிறது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் நீரடைப்பு) ஒரு குமிழிகூட இல்லை.

பதில்: 48 மணி நேரம் வரை கவலை வேண்டாம். மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு பக்கவாட்டில் கசிந்தாலும் குமிழி வராது. உள்சுவரில் நுரைக் கறை படிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே விளக்கடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கிராவிட்டி அசையாவிட்டால் புது பாக்கெட் போடுங்கள். அதுவரை மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.