சூடான எண்ணெய் ஊற்றலாமா? எண்ணெய்க் கிணற்றுப் படிவு பற்றிய கேள்வி-பதில்

கே: டியூபிங்கில் (எண்ணெய் மேலே வரும் உள்குழாய்) வெள்ளையாக ஏதோ படிகிறது. என்ன மருந்து விடலாம்? (சௌக், மியான்மர்)

'ஏதோ' என்று எழுதினால் நான் எதைச் சொல்வது? ஒரு துண்டைச் சுரண்டி எடுங்கள். வெந்நீரில் உருகி மிதந்தால் மெழுகு. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் நுரைத்துக் கரைந்தால் கால்சியம் கார்பனேட். இரண்டிலும் அப்படியே கிடந்து, கையில் நல்ல கனமாகவும் இருந்தால் பேரியம் சல்பேட்டைச் சந்தேகப்படுங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: ஆசிட் விட்டபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பயமில்லையே? (மின்பு)

நாற்றம் போனதுதான் பயம். படிவில் இரும்பு சல்பைடு இருந்திருக்கும்; ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) வாக்கில் மூக்கு மரத்துப்போகும், வாயு அங்கேயேதான் இருக்கும். வாயு மீட்டர் இல்லாமல் ஆசிட் வேலைக்குப் போகாதீர்கள். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள்.

கே: அப்பா காலத்திலிருந்து சூடான எண்ணெய் ஊற்றித்தான் மெழுகை எடுக்கிறோம். இப்போது உற்பத்தி குறைந்துகொண்டே வருகிறது. கிணறு வற்றிவிட்டதா? (யேனாங்யாங்)

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் தம்பி. நீங்களே அடைத்திருக்கலாம். நம்ம ஊர் எண்ணெயில் மெழுகு அதிகம். 1850களிலேயே 'ரங்கூன் எண்ணெய்' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மெழுகுவர்த்தி செய்தார்கள். அந்த எண்ணெயைச் சூடாக்கி கேசிங் என்கிற வெளிக்குழாய்க்கும் டியூபிங்குக்கும் நடுவே விடுகிறீர்கள். மேலே 90 டிகிரி இருக்கும், சரி. சில நூறு அடி இறங்குவதற்குள் சூடு போய்விடுகிறது. மேல்பக்கத்து மெழுகு உருகும். ஊற்றிய எண்ணெயிலுள்ள மெழுகோ அடியில் போய், பாறையிலிருந்து எண்ணெய் உள்ளே வரும் துளைகளை அடைக்கும். அழுத்தம் குறைந்த பழைய கிணறு என்றால் பாறைக்குள்ளேயே இறங்கிவிடும்.

இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்! நான் வேலை பார்த்த ஒரு எண்ணெய் வயலில் தொட்டியின் அடி எண்ணெயையே சூடாக்கி மாதம் இரண்டு முறை விட்டார்கள். மெழுகு அதிகமாகத் தங்குவது அந்த அடியில்தான். வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். சும்மா கிடைக்கிற எண்ணெய்தானே என்றார்கள். ஒன்றரை வருடத்தில் நல்ல கிணறு ஒன்று பாதிக்கும் கீழே போனது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சூடான எண்ணெய் விட்டே ஆகவேண்டுமென்றால் தொட்டியின் மேல் எண்ணெயை எடுத்து மெதுவாக விடுங்கள். அதைவிட நல்லது, மெழுகு தடிப்பதற்குள் ஸ்க்ரேப்பர் என்கிற சுரண்டும் கருவியை இறக்குவது. மார்கழி, தைக் குளிரில் இன்னும் அடிக்கடி. அடி ஏற்கெனவே அடைத்திருந்தால் சைலீன் என்கிற கரைப்பானைக் கீழே சேர்த்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். பக்கத்தில் பீடிகூட பற்றவைக்கக் கூடாது.

கே: பேரியம் சல்பேட்டுக்கு எத்தனை டிரம் ஆசிட்?

ஒரு டிரம்கூட வேண்டாம், கரையாது. டிடிபிஏ (பேரியத்தைப் பிடித்துக் கரைக்கும் ரசாயனம்) கரைசலைச் சூட்டோடு பல மணி நேரம் ஊறவிட வேண்டும், அல்லது இயந்திரத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். அதில் ரேடியம் கலந்திருக்கக்கூடும். சுரண்டிய தூளைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கொட்டாதீர்கள்.

கே: கறுப்புக் கட்டியைக் கரைக்க டீசல் போதுமா?

மெழுகென்றால் ஓரளவு கரையும். ஆஸ்பால்டீன் (எண்ணெயிலிருந்து பிரியும் தார் போன்ற கறுப்புப் பொருள்) கரையாது; சைலீன் அல்லது டொலுயீன் வேண்டும். முதலில் துண்டைச் சோதியுங்கள்.

கே: பாறைக்குள் அழுத்தி விட்ட பாஸ்போனேட் (படிவு வராமல் தடுக்கும் மருந்து) எவ்வளவு காலம் தாங்கும்?

சில மாதம் முதல் ஒரு வருடம் வரை. தண்ணீர் அதிகம் வரும் கிணற்றில் சீக்கிரமே தீரும். வெளிவரும் தண்ணீரில் மருந்தின் அளவை மாதாமாதம் பாருங்கள். படிவு திரும்பத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள்.