கொம்புக்கு ஓட்டு

அன்புள்ள ஐயா,

நான் வடபழனிக்காரன். சுவிட்சர்லாந்தில், சூரிச்சில் ஐ.டி. வேலை, வந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போட்டால்கூட முறைக்கிறார்கள். துணி துவைக்கும் அறைக்கு முறை வைத்திருக்கிறார்கள். செய்திகள் அதைவிட விசித்திரம். மாட்டுக் கொம்புக்காக நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடந்ததாம். கூடுதல் விடுமுறை வேண்டாம் என்று மக்களே ஓட்டுப் போட்டார்களாம். இவர்களோடு எப்படி ஒட்டுவது? ஊருக்கே திரும்பிவிடலாமா?

ர., சூரிச்

அன்புள்ள ர.,

பாட்டிலும் துவைக்கும் அறையும் ஒரு விஷயமே இல்லை. சனிக்கிழமை கொண்டுபோய்ப் போடுங்கள். ஆனால் கொம்பு விஷயத்தை ஒரே வரியில் வேடிக்கையாகத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் அதை ஒட்டித்தான்.

அந்த ஓட்டெடுப்பு 2018 நவம்பரில் நடந்தது. கன்றுகளின் கொம்பைச் சூடு வைத்துக் கருக்கிவிடுவது அங்கே பரவலான வழக்கம். மாடுகளைக் கட்டாமல் உலவவிடும் கொட்டிலில் கொம்பு இருந்தால் ஒன்றையொன்று குத்தும். குத்தாமல் இருக்க இடம் அதிகம் வேண்டும், இடம் என்றால் செலவு. கொம்பை விட்டுவைக்கிற விவசாயிக்கு அரசு உதவித்தொகை தரட்டும் என்றார் ஆர்மின் கபவுல் என்ற மலைநாட்டு விவசாயி. தடை எதுவும் கேட்கவில்லை. அந்த நாட்டில் 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்து சேர்த்தால் அரசியல் சாசனத் திருத்தத்தையே மக்கள் ஓட்டுக்குக் கொண்டுவரலாம். அவர் சேர்த்தார். தோற்றார்தான், ஆனால் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் அவர் பக்கம் நின்றார்கள். விடுமுறை ஓட்டு 2012-இல். வருடத்துக்குச் சட்டப்படியான நாலு வார விடுமுறையை ஆறு வாரமாக்கலாமா என்பது கேள்வி. சின்னக் கடைக்காரரால் தாங்க முடியாது என்ற வாதம் எடுபட்டது. இதில் விசித்திரம் என்ன இருக்கிறது?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சென்னை மாநகராட்சியில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். அதுவரை 200 வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் ஒருநாள் காலையில் எங்கள் தெருவில் ஜேசிபி வந்து நின்றது. மழைநீர் வடிகாலாம். தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு மூடினார்கள். மூடி எங்கள் வாசலைவிட ஒரு முழம் உயரம். எதிர்வீட்டுப் பாட்டி வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மேலே ஏற்றிப் பார்த்தார். முடியவில்லை, இறக்கிக்கொண்டார். அப்புறம் அவர் கோயிலுக்குப் போவதே நின்றுபோனது. மனுவை எடுத்துக்கொண்டு நடந்தேன். "எஸ்டிமேட் மேலே போட்டது சார், நாங்க என்ன பண்றது?" என்றார்கள். எங்கள் வாசலின் உயரத்தை எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதைவிட வலித்தது ஒன்று உண்டு. கவுன்சிலர் இல்லை என்பதே தெருவில் பலருக்குத் தெரியாது. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு மாநகரம் இப்படி ஓடியிருக்கிறது, அது நமக்குச் செய்தியாகவே படவில்லை! கடைசியில் தேர்தல் வந்தபோதும் சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை.

நீங்கள் இருக்கிற நாட்டுக்காரர்களும் தேவர்கள் இல்லை. பெண்களுக்கு நாடு தழுவிய ஓட்டுரிமையை 1971-இல்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு விவசாயியின் கேள்விக்கு நாடு பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி முழுக்க நம் டிவி விவாதங்களையும் வாட்ஸ்அப் பார்வர்டுகளையும் பார்த்துவிட்டு, "இவர்களோடு எப்படி ஒட்டுவது" என்றால் என்ன அர்த்தம்? மாடிவீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்களா? ஓட்டெடுப்புக்கு முன்னால் அரசின் விளக்கக் கையேடு அவர் வீட்டுக்கு வரும். இரண்டு தரப்பு வாதமும் அதில் இருக்கும். குடியுரிமை இல்லாததால் உங்களுக்கு வராது. கேட்டு வாங்கிப் படியுங்கள். 1983-க்குப் பிறகு அங்கே வந்த ஈழத்தமிழர்கள் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவித் தொடங்கினார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அட்லிஸ்வில்லில் முருகனுக்குக் கோயிலும் வைத்தார்கள். எப்படி ஒட்டுவது என்று அவர்களிடம் கேட்டிருக்கலாமே, தம்பி. கடிதம் முழுக்க உங்கள் தனிமை தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

திரும்பி வருவதைப் பற்றி உங்கள் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அதற்கு முன்னால் அடுத்த ஓட்டெடுப்பின் கையேட்டைப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.