எலி கடிக்காமலே எலிக்காய்ச்சல் வருமா?

கேள்வி: மும்பை தாராவியில் குடியிருக்கிறோம். போன வாரம் பெய்த மழையில் என் கணவர் முழங்கால் அளவு நீரில் நடந்து வீடு வந்தார். அவர் காலில் சேற்றுப்புண் உண்டு. நேற்று முன்தினத்திலிருந்து காய்ச்சல், தலைவலி. கெண்டைக்காலைத் தொடவே விடுவதில்லை. எலிக்காய்ச்சல் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தது. எலி எதுவும் கடிக்கவுமில்லை. நேற்று நானும் ஆறு வயது மகனும் அதே தெருநீரில் நடந்தோம். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தப் பரிசோதனை முடிவை நம்பிக் காத்திருக்காமல் இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழக்கமாகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையே தேடுகிறது. அது தென்படும் அளவுக்குச் சேர ஏறத்தாழ 5 முதல் 7 நாட்கள் ஆவதால், காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளில் 'இல்லை' என வந்ததை வைத்து நோயில்லை என்று முடிவுகட்ட இயலாது. முதல் வாரத்தில், கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனையே பயன்தரும். அதற்கும் காத்திராமல், அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவதுண்டு. ஆகவே தேங்கிய நீரில் நடந்ததையும் காலிலுள்ள புண்ணையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்நோயின் பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. எலி கடித்து வரும் காய்ச்சல் வேறு. லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவ பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில், எலிக்குப் பெரிய தொல்லை ஏதும் தராமல் தங்கியிருந்து, அதன் சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய நீரில் கலந்து, நம் தோலிலுள்ள புண், வெடிப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் உட்புகுகிறது. நாய், மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் இக்கிருமி இருக்கலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பதிவாகி நகரமே மூழ்கிய பின் இக்காய்ச்சல் மும்பையில் பெருகியது இவ்வழியில்தான்.

டெங்கு, மலேரியா பரிசோதனைகளும் செய்துகொள்ளட்டும். கால்வலிக்கென்று மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடிய நோயில் அவை தீங்கு செய்யும். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

உங்களுக்கும் மகனுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. வெள்ளநீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரின் ஆலோசனையுடன் தடுப்பு மருந்து எடுக்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சி அறிவுறுத்துகிறது. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அசித்ரோமைசின். உங்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்து மகனுக்குத் தர வேண்டாம். மருந்து எடுத்துக்கொண்டாலும் அடுத்த 30 நாட்களுக்குள் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.